வாதத்துக்குக் காத்திருக்கும் வாய்க்கால்: ஒரு செகண்ட் அப்பீலின் முழு ஆய்வு

டெல்டாவில் நிலத் தகராறு என்றால் பாதி தண்ணீர்த் தகராறுதான். வயலுக்கு வயல் பாயும் பாசனம் இது. மேல் வயல்காரர் மடையை அடைத்து வரப்பை ஒரு சாண் ஏற்றிக் கட்டினால் போதும், கீழ் வயல் காய்ந்துவிடும். அப்படிக் காய்ந்த ஒரு வயலின் வழக்கு முன்சீஃப் கோர்ட்டில் தொடங்கி, சப் கோர்ட்டைத் தாண்டி, உயர் நீதிமன்றத்தில் செகண்ட் அப்பீலாக (இரண்டாம் மேல்முறையீடாக) அட்மிட் ஆகும், அதாவது விசாரணைக்கு ஏற்கப்படும். பிறகு இறுதி வாதத்துக்காக ஆண்டுக்கணக்கில் கிடக்கும். "கேஸ் ஹைகோர்ட்ல கெடக்கு" என்று ஊரில் சொல்கிறார்களே, அந்தக் கிடக்கும் காலத்தைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. நல்ல கேஸ்கள் பல அந்தக் காலத்தில்தான் கெட்டுப்போகின்றன. அவற்றைக் காப்பாற்றச் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது.

எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரி வழக்கு. ஆட்களும் ஆண்டுகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. சட்டப் பிரிவுகளும் கெடு நாட்களும் அப்படியே உண்மையானவை.

வழக்கின் கதை

மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றுப் பாசனத்தில் ஒரு குடும்பத்துக்குப் பன்னிரண்டு மா நஞ்சை இருந்தது. ஒரு மா என்பது 100 குழி, ஏறத்தாழ 33 சென்ட். 1968-ல் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, அண்ணன் கிளைக்கு மேலண்டை ஆறு மா, தம்பி கிளைக்குக் கீழண்டை ஆறு மா என்று பிரித்துக்கொண்டார்கள். பொது வாய்க்காலின் தலைமடை மேலண்டை நிலத்தை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து நாலடி அகலக் கன்னி வாய்க்கால் (சிறு கிளை வாய்க்கால்) ஒன்று மேலண்டை நிலத்தின் வடவரப்பு ஓரமாக ஓடிக் கீழண்டை நிலத்துக்கு வருகிறது. பத்திரத்தில் அதைப் பற்றித் தனியாக ஒரு வரிகூட இல்லை. "வழக்கப்படி பாத்தியங்களுடன்" என்ற பொதுச் சொற்றொடர் மட்டும் இருக்கிறது.

2006 கோடையில் மேலண்டை நிலத்தின் வாரிசுகளான இரண்டு சகோதரர்கள் டிராக்டர் விட்டு வாய்க்காலை வயலோடு சேர்த்து உழுதுவிட்டார்கள். கீழண்டைக்காரர் அதே ஆண்டு முன்சீஃப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வாய்க்கால் உரிமையை விளம்புகை செய்ய (உரிமை உண்டென்று அறிவிக்க) வேண்டும், உழுததைப் பழையபடி வெட்டிக்கொடுக்கச் செயலுறுத்துக் கட்டளை வேண்டும், இனிமேல் தடுக்காதபடி நிரந்தர உறுத்துக்கட்டளை வேண்டும் என்பவை அவர் கேட்ட பரிகாரங்கள். நீதிமன்றம் நியமித்த வக்கீலான அட்வகேட் கமிஷனர் நேரில் போய் அறிக்கையும் வரைபடமும் தாக்கல் செய்தார். 2010-ல் வாதிக்குச் சாதகமாக டிகிரி (தீர்ப்பாணை) ஆனது. 2013-ல் சப் கோர்ட் அதைப் புரட்டிவிட்டது: 20 ஆண்டு இடையறாத அனுபவம் நிரூபிக்கப்படவில்லை, எனவே உரிமை இல்லை என்றது. கமிஷனர் அறிக்கை பற்றி அந்தத் தீர்ப்பில் பேச்சே இல்லை.

எந்த வாசல்

டெல்டாக்காரர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. மதுரைக் கிளை 2004 ஜூலை 24-ல் திறந்தபோது தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, கரூர் மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் போயின. திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையிலேயே நின்றன. பிறகு நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறையும் சென்னைதான். ஆகவே மன்னார்குடி வழக்கு சென்னைக்குப் போகும், பக்கத்து ஒரத்தநாடு வழக்கு மதுரைக்குப் போகும். ஆடுதுறை நிலம் மதுரை, குத்தாலம் நிலம் சென்னை. மதுரையில் பதிவாகும் எண்ணோடு 'எம்.டி.' என்ற எழுத்துகள் சேர்ந்திருக்கும். இணையத்தில் வழக்கு நிலையைத் தேடும்போது இந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் வேறொருவர் வழக்கைத் தன் வழக்கென்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

செகண்ட் அப்பீலுக்குக் கெடு 90 நாள். சப் கோர்ட் தீர்ப்பு நகல் வாங்கப் பிடித்த நாளைக் கழித்துக்கொள்ளலாம். எத்தனை நாள் கழிக்கலாம் என்பது நகலின் பின்பக்கத்திலேயே இருக்கிறது: நகல் மனுப் போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி. ஸ்டாம்ப் கேட்டும் கட்டாமல் கட்சிக்காரர் தாமதித்த நாளும், தயாரான பிறகு வாங்கப் போகாமல் விட்ட நாளும் கழிவுக்கு வராது. நகல் கைக்கு வந்த தேதியிலிருந்து 90 நாள் எண்ணிக்கொண்டிருந்து, கடைசியில் தாமத மன்னிப்பு மனுவோடு போய் நிற்பது இதனால்தான்.

அட்மிஷனில் எழுதிய கேள்வி

1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு கறாரானது. முக்கிய சட்டக் கேள்வி இருந்தால்தான் செகண்ட் அப்பீல். அதை மேல்முறையீட்டு மனுவில் திட்டமாக எழுத வேண்டும். நீதிமன்றமும் ஒப்புக்கொண்டு கேள்வியை வடிவமைக்க வேண்டும். அந்தக் கேள்வியின் மேல்தான் பிறகு வாதம். எதிர்மேல்முறையீட்டாளர் "அப்படி ஒரு கேள்வியே இதில் எழவில்லை" என்று வாதிடலாம். எது முக்கியம் என்பதை 2001-ல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது: ஏற்கெனவே முடிந்துபோன கேள்வியாக இருக்கக் கூடாது, விவாதத்துக்கு இடம் இருக்க வேண்டும், வழக்கின் முடிவு அதைச் சார்ந்து நிற்க வேண்டும்.

நம் வழக்கில் முதலில் எழுதப்பட்ட கேள்வி இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: "வாதியின் சாட்சிகளை நம்பாமல் விட்டது சரியா?" அது சட்டக் கேள்வி ஆகாது. சாட்சியை நம்புவதும் விடுவதும் சப் கோர்ட்டோடு முடிந்தது. இப்படி எழுதிய அப்பீல் அட்மிஷனிலேயே போய்விடும். ஏதோ காரணத்தால் தப்பி உள்ளே வந்தாலும் பத்தாண்டு கழித்து இறுதி வாதத்தில் முதல் நிமிடத்திலேயே விழும். அதுதான் இன்னும் கொடுமை.

சரியான கேள்வி வசதியுரிமைச் சட்டத்தில் (ஒருவர் நிலத்தின் வழியே இன்னொருவர் நிலத்துக்கு உள்ள வழி, தண்ணீர் போன்ற உரிமைகளைச் சொல்லும் சட்டம்) இருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுதான் 20 ஆண்டு அனுபவம் கேட்கிறது. 13-ஆம் பிரிவுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். கூட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்கும்போது, ஒரு பாகத்தை அனுபவிக்க மற்றப் பாகத்தின் வழியே வசதி கட்டாயம் தேவைப்பட்டால் (இ) உட்பிரிவு உரிமை தருகிறது. வசதி வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் இருந்து, பாகம் பிரிந்தபோது அனுபவித்த விதத்திலேயே அனுபவிக்க அது தேவைப்பட்டால் (எஃப்) உட்பிரிவு உரிமை தருகிறது. பிளெயின்ட்டில் (வாதியின் வழக்குரையில்) இந்த இரண்டு உட்பிரிவுகளையும் சொல்லியிருந்தும் சப் கோர்ட் 15-ஐ மட்டும் பார்த்துத் தள்ளியது. அது சட்டப் பிழை. கேள்வி இப்படி அமைய வேண்டும்: பாகப்பிரிவினை ஒப்புக்கொள்ளப்பட்ட நிலையில், 13(இ), (எஃப்) உட்பிரிவுகளின் கீழ் ஆராயாமல் 15-ஆம் பிரிவின் அளவுகோலை மட்டும் வைத்து வழக்கைத் தள்ளியது சட்டப்படி நிற்குமா?

இரண்டாவது கேள்வி கமிஷனர் அறிக்கை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26 விதி 10-ன்படி அறிக்கையும் வரைபடமும் வழக்கின் சாட்சியமாகவே சேரும். முன்சீஃப் தீர்ப்பைப் புரட்டும் சப் கோர்ட் அந்தத் தீர்ப்பின் காரணங்களை நேருக்கு நேர் சந்தித்துப் பேச வேண்டும் என்பதையும் அதே சந்தோஷ் ஹசாரி தீர்ப்பு சொல்கிறது. கட்டளை 41 விதி 31-ம் காரணம் கேட்கிறது. அறிக்கையைத் தொடாமலே புரட்டியது இந்த இடத்தில் மாட்டும்.

அந்த வரைபடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அளவுப்படி வரைந்ததல்ல, கைவரைபடம்தான். வடவரப்பில் ஏ, பி என்று இரண்டு புள்ளி; நடுவே சிவப்புப் பென்சிலில் இழுத்த கோடு; "பழைய வாய்க்கால் தடம், கரையில் நாணல், அடிமட்டம் வயலைவிட அரையடி தாழ்வு" என்று ஓரத்தில் குறிப்பு. தலைமடையில் குழாய் பதித்த சிமெண்ட் கட்டு இன்னும் இருப்பதாக ஒரு வட்டம். உழுதுபோட்ட பிறகும் மண் வாய்க்காலை மறக்கவில்லை என்பதற்கு அந்த அரையடி தாழ்வுதான் சாட்சி. வெளிப்படையான, தொடர்ச்சியான வசதி என்று (எஃப்) உட்பிரிவு கேட்பதற்கு இதைவிட நல்ல விடை வாய்மொழிச் சாட்சியத்தில் கிடைக்காது. ஆனால் நகல் எடுக்கும்போது கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்புக் கோடும் வரப்புக் கோடும் ஒன்றாகிவிடும். வாதத்துக்காக நீதிமன்றத்தில் தரும் தட்டச்சுத் தொகுப்பில் வண்ண நகல்தான் வைக்க வேண்டும்.

கிடக்கும் காலத்தில் நடப்பவை

2014-ல் இரண்டு கேள்விகளோடு அப்பீல் அட்மிட் ஆனது. இருக்கும் நிலை தொடர வேண்டும் என்று இடைக்கால உத்தரவும் கிடைத்தது. 2017-ல் எதிர்மேல்முறையீட்டாளர்களான சகோதரர்களில் இளையவர் இறந்தார். ஊருக்கே தெரியும், கீழண்டைக்காரரே துக்கத்துக்குப் போய் வந்தார். சென்னை வக்கீலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

டெல்டா வழக்குகள் சாகும் வழி இதுதான். இறந்தவரின் சட்டப்பூர்வ வாரிசுகளைச் சேர்க்க 90 நாள். அதைத் தாண்டினால், தனி உத்தரவு எதுவும் வேண்டாம், அவரைப் பொறுத்தவரை அப்பீல் தானாகவே அபேட் ஆகிவிடும், அதாவது அற்றுப்போகும். அதை நீக்கக் கேட்க அடுத்த 60 நாள். அதையும் தாண்டினால் மூன்று மனுக்கள் சேர்த்துப் போட வேண்டும்: தாமதத்தை மன்னிக்க ஒன்று, அபேட்மெண்டை நீக்க ஒன்று, வாரிசுகளைச் சேர்க்க ஒன்று. ஏழு ஆண்டுத் தாமதத்துக்கு "எனக்குத் தெரியாது" என்று சத்தியக் கடிதம் எழுதினால், எதிர்த் தரப்பு துக்க வீட்டுக்கு வந்ததைச் சொல்லி உடைத்துவிடும். உண்மையை எழுதுவதே நல்லது: இறந்தது தெரியும், வக்கீலுக்குச் சொல்ல வேண்டும் என்பது தெரியாது. கட்டளை 22 விதி 10-ஏ-யின்படி கட்சிக்காரர் இறந்ததை அவருடைய வக்கீல் தெரிந்ததும் நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும்; அவர் சொல்லவில்லை என்பதையும் மனுவில் சேர்க்கலாம். மரணமோ கெடு நாட்களோ 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்துக்குள் வந்தால், கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் அந்த நாட்களைக் கணக்கிலிருந்து நீக்கியதையும் கழித்துப் பார்க்க வேண்டும். 2017 மரணத்துக்கு அது கைகொடுக்காது.

இளையவர் ஒருவரைப் பொறுத்துத்தானே போயிற்று, மூத்தவர் இருக்கிறாரே என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. நிலம் இருவருக்கும் பொது. ஒருவருக்கு எதிராக "வாய்க்கால் உண்டு" என்றும், இறந்தவர் கிளைக்குச் சாதகமாக "வாய்க்கால் இல்லை" என்ற சப் கோர்ட் டிகிரி அப்படியே நிற்கிறது என்றும் இரண்டு முரணான டிகிரி ஒரே வரப்பின் மேல் இருக்க முடியாது. முழு அப்பீலும் சேர்ந்தே விழும் ஆபத்து இங்கே உண்டு.

வாரிசுகளைத் திரட்டுவதிலும் ஒரு நுணுக்கம். வாரிசுச் சான்று எதிர்த் தரப்பின் கையில் இருக்கும். கேட்டால் தர மாட்டார்கள். மகள்கள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அக்கறையோடு விசாரித்துத் தெரிந்த வாரிசுகளைச் சேர்த்திருந்தால், ஒருவர் விடுபட்டார் என்பதற்காகவே அப்பீல் விழாது. ஆனால் மகன்களை மட்டும் எழுதி மகள்களை விடும் பழைய ஊர்ப் பழக்கத்தை எந்த நீதிமன்றமும் அக்கறையான விசாரணை என்று ஏற்காது. முன்சீஃப் கோர்ட்டிலிருந்தே எக்ஸ்பார்ட்டியாக (வழக்கில் தோன்றாமல்) இருந்த பிரதிவாதி இறந்தால் மட்டும் கட்டளை 22 விதி 4(4)-ன் கீழ் வாரிசுகளைச் சேர்ப்பதிலிருந்து விலக்குக் கேட்கலாம். அதைத் தீர்ப்புக்கு முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

வாரிசுகளைச் சேர்த்த பிறகு நோட்டீஸ். அதை அனுப்பப் பேட்டா (அனுப்பும் கட்டணம்) கட்ட வேண்டும். இந்தச் சின்னத் தொகையைக் கட்டாமல் விட்டதால் வழக்குப் பட்டியலிலிருந்து நழுவிக் கிடப்பது சர்வ சாதாரணம். "விலாசத்தில் இல்லை" என்று திரும்பி வந்தால் புது விலாசம் தர வேண்டும், இல்லையென்றால் பத்திரிகை விளம்பரத்துக்கு அனுமதி வாங்க வேண்டும்.

அடுத்தது விற்பனை. மேலண்டை நிலத்தில் இரண்டு மா கைமாறியிருக்கலாம். சொத்துமாற்றச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாங்கியவரையும் முடிவுக்குக் கட்டுப்படுத்தும். கிரயம் செல்லாமல் போய்விடாது. இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, வாங்கியவரைக் கட்டளை 22 விதி 10-ன் கீழ் சேர்த்துவிட்டால், நாளைக்கு நிறைவேற்றல் மனுவில் புது ஆள் வந்து நின்று இழுக்க முடியாது.

இடைக்கால உத்தரவின் ஆயுளையும் பார்க்க வேண்டும். "மறு உத்தரவு வரை" என்றிருக்கிறதா, குறிப்பிட்ட தேதி வரையா? 2018-ல் உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்தில் தடை உத்தரவுகள் தானாகக் காலாவதியாகும் என்று சொல்லியிருந்தது. 2024 பிப்ரவரி 29-ல் அரசியல் சாசன அமர்வு அதை மாற்றிவிட்டது. ஆறு மாதம் ஆனதாலேயே இப்போது தடை நீங்காது. பழைய தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு "உன் ஸ்டே முடிஞ்சிருச்சு" என்று வாய்க்காலை மறுபடி உழ வருகிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

கடைசியாக ஒன்று, யாரும் யோசிக்காதது. தண்ணீர் இல்லாமல் எத்தனை போகம் தள்ள முடியும்? கீழண்டைக்காரர் 2016-ல் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டுவிட்டார். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் வசதியுரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, தேவை முடிந்தால் கட்டாயத் தேவை வசதியுரிமை முடிந்துவிடும் என்கிறது. எதிர்த் தரப்பு மின் இணைப்பு ரசீதோடு வந்து "போர் இருக்கிறது, வாய்க்கால் எதற்கு" என்று கேட்கும். கேள்வியில் (இ) மட்டும் இருந்தால் வழக்கு அங்கேயே முடங்கும். (எஃப்) சேர்ந்திருந்தால் நிற்கும்; ஏனென்றால் பாகம் பிரிந்த அன்று அனுபவித்த விதத்தைத்தான் அது பார்க்கிறது. கேள்வியில் (எஃப்) விட்டுப்போயிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100(5)-ன் கீழ் கூடுதல் கேள்வி வடிவமைக்கும்படி காத்திருக்கும் காலத்திலேயே மனுப் போட்டுவிட வேண்டும். காரணம் எழுதி அதைச் சேர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வாதம் நடக்கும் அன்று வாய்மொழியாகக் கேட்பது பலவீனமானது.

பட்டியலில் வந்த அன்று

பழைய ஆண்டு வழக்குகளைத் திடீரென்று இறுதி விசாரணைப் பட்டியலில் போடுவார்கள். ஊர் வக்கீல், சென்னை வக்கீல், கட்சிக்காரர் மூவருமே தினப் பட்டியலைப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். மேல்முறையீட்டாளர் தரப்பில் ஆள் இல்லாவிட்டால் வராமைக்காகத் தள்ளலாம். திரும்ப எடுக்க 30 நாளுக்குள் மனு. சென்னை வக்கீல் இறந்துவிட்டாலோ தொழிலை விட்டுவிட்டாலோ புது வக்காலத்து இல்லாமல் யாரும் எழுந்து பேச முடியாது. வயதான கட்சிக்காரர் வயதுச் சான்றோடு விரைவு விசாரணை கேட்டு மனுப் போடலாம்.

தட்டச்சுத் தொகுப்பில் இருக்க வேண்டியவை: பிளெயின்ட், எதிருரை, இரண்டு தீர்ப்புகள், 1968 பத்திரம், புலப்படம், கமிஷனர் அறிக்கையும் வரைபடமும், சாட்சியத்தில் தேவையான பக்கங்கள் மட்டும். ஒரே பக்கத்தில் தேதிப் பட்டியல். பத்திரத்தில் "பாத்தியங்களுடன்" என்ற வரி எத்தனையாவது பக்கம், தலைமடைக் குறிப்பு எத்தனையாவது பக்கம் என்று வாதக்குறிப்பின் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும். நீதிபதி கேட்டதும் பக்கத்தைச் சொல்ல முடிகிற வக்கீலுக்கு வழக்குப் பாதி நகர்ந்துவிடும். "பார்த்துச் சொல்கிறேன்" என்றால் பிற்பகலுக்குப் போய், பிறகு அடுத்த வாரத்துக்குப் போகும்.

கூடுதல் சாட்சியம் வேண்டுமென்றால் கட்டளை 41 விதி 27 மனு. அந்த மனு அப்பீலோடு சேர்த்து இறுதியில்தான் பரிசீலிக்கப்படும். முன்கூட்டியே உத்தரவு வரும் என்று காத்திருக்க வேண்டாம். கீழ்க் கோர்ட் மறுத்த சாட்சியமா, முயன்றும் அப்போது கிடைக்காததா, தீர்ப்புக்கு நீதிமன்றத்துக்கே தேவைப்படுவதா என்ற மூன்றில் ஒன்றில் அடங்க வேண்டும். அன்றைக்கே அலமாரியில் இருந்த காகிதம் எதிலும் அடங்காது.

வாதத்தில் மேல்முறையீட்டாளர் கேட்க வேண்டிய பரிகாரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். "ரிமாண்ட் செய்யுங்கள்" என்று கேட்டுவிடுகிறார்கள். ரிமாண்ட் என்றால் வழக்கு மறுபடி சப் கோர்ட், அங்கிருந்து இன்னொரு செகண்ட் அப்பீல். வாதி அதைப் பார்க்க இருப்பாரா என்பதே சந்தேகம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு வேறு வழி தருகிறது. தேவையான சாட்சியம் ஏட்டிலேயே இருந்தால், கீழ்க் கோர்ட் தீர்மானிக்காமல் விட்ட விஷயத்தை உயர் நீதிமன்றமே தீர்மானிக்கலாம். பத்திரமும் கமிஷனர் அறிக்கையும் ஏட்டில் இருக்கும்போது (எஃப்) உட்பிரிவுக்கு வேறெதுவும் வேண்டாம். ரிமாண்டைக் கடைசி மாற்றாக மட்டும் சொல்லி, முதலில் 103-ஐ வற்புறுத்த வேண்டும்.

இடையில் சமரசம் பேசவும் வழி உண்டு. உயர் நீதிமன்றத்தின் சமரச மையம் 2005 முதல் இயங்குகிறது. நாலடி வாய்க்காலுக்குப் பதில் நிலத்தடியில் குழாய் பதித்துக்கொள்ள மேலண்டைக்காரர் சம்மதித்தால் அவருக்கும் நிலம் மிச்சம். நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்தாலும் கட்டிய கோர்ட் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். 2021-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவுக்கு அப்படித்தான் பொருள் சொன்னது.

தீர்ப்புக்குப் பின்

தனி நீதிபதியின் செகண்ட் அப்பீல் தீர்ப்பின் மேல் உயர் நீதிமன்றத்துக்குள் இன்னொரு அப்பீல் இல்லை, அதே நடைமுறைச் சட்டத்தின் 100-ஏ பிரிவு அதை அடைத்துவிட்டது. 30 நாளுக்குள் மறுஆய்வு மனு, இல்லையென்றால் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு.

வாதி ஜெயித்தால் டிகிரி வரைவை உட்கார்ந்து படிக்க வேண்டும். "வாய்க்கால் உரிமை" என்று மொட்டையாக இருந்தால், டிகிரியை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா எதை அளப்பார்? அகலம் நாலடி, கமிஷனர் வரைபடத்தில் ஏ-யிலிருந்து பி வரை, வரைபடம் டிகிரியின் பகுதி என்று இருக்க வேண்டும். நிரந்தர உறுத்துக்கட்டளையை நிறைவேற்றக் கெடு கிடையாது. ஆனால் வாய்க்காலை வெட்டிக்கொடுக்கச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளைக்கு மூன்றே ஆண்டு: டிகிரி தேதியிலிருந்து, அல்லது வெட்டிக்கொடுக்க நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து. நிறைவேற்றல் மனுவைத் தையிலேயே போட்டு, அமீனாவும் சர்வேயரும் சித்திரையில் வயலுக்கு வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து தண்ணீர் பாமணியாற்றுக்கு வந்துவிட்டால் நடவு நட்ட வயலில் மண்வெட்டி இறக்க விட மாட்டார்கள். அந்தப் போகமும் போய்விடும்.